ஜெயக்கொடி என்ற பெயரில்

விரல்தான் தவறிக் கீபோர்டில் பக்கத்துக் கட்டையில் விழுந்திருக்கும் என்று சோலையப்பன் நினைத்தான். அதனால் இரண்டாவது தடவை ஒவ்வொரு எழுத்தாகக் குனிந்து பார்த்துத் தட்டினான், ஜெயா, ஒன்று, இரண்டு, மூன்று, ஒன்பது வருஷமாகத் தட்டிவருகிற அதே பாஸ்வேர்டு, கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலும் வருவது. திரை ஒரு வட்டத்தைச் சுற்றவிட்டு யோசித்தது, பிறகு சிவப்பில் சொன்னது, தவறு, இன்னும் மூன்று முறைதான், அதற்கப்புறம் இந்த ஐடி பூட்டப்படும் என்று. மணி ஆறு எட்டு. ஏழு மணிக்கு அவன் தன் ஷிப்டின் முதல் ரீடிங்கைப் போட்டாக வேண்டும். குளிர்பதனக் கிடங்கின் எட்டு சேம்பர், ஒவ்வொன்றுக்கும் ஒரு டிகிரி கணக்கு, புளிக்கு ஒன்று, மல்லிக்கு ஒன்று, வத்தலுக்கு ஒன்று. போடாவிட்டால் விருதுநகரில் டீ குடித்துக்கொண்டிருக்கிற முதலாளியின் போனில் சிவப்பு எரியும், அப்புறம் இங்கே எல்லாருக்கும் எரியும். மத்தியானம் வரைக்கும் பழைய சாப்ட்வேர் இருந்தது. மத்தியானத்தோடு அதை நிறுத்திவிட்டு ஏதோ வெளிக் கம்பெனிக்காரனுடைய புதுச் சாப்ட்வேரை ஏற்றிவிட்டார்கள், மேனேஜர் அழகர்சாமி சார் ஒரு தாளை அச்சடித்துக் கம்ப்யூட்டர் நெற்றியில் ஒட்டியும் வைத்திருந்தார், புதிதாக எதுவும் தேவையில்லை, ஏற்கெனவே உள்ள ஐடியும் பாஸ்வேர்டும் போதும் என்று. போதும் என்று போட்டிருக்கிறதே, எழுத்தில் போட்டிருக்கிறதே, என்று அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்ரசர் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது, பழகின காதுக்கு அது சத்தமே இல்லை, நின்றால்தான் கேட்கும்.

ஏற்கெனவே உள்ள ஐடி என்றால் யாருடைய ஐடி, அதைத் தாள் சொல்லவில்லை. அவனுக்கு ஐடி கிடையாது. அவன் காண்ட்ராக்ட் ஆள், வாட்ச்மேனாக வந்து, வால்வைத் திறக்க மூடப் பார்த்துப் பார்த்தே பழகி, டின்னில் ஒட்டியிருக்கிற இங்கிலீஷை எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி ஆபரேட்டர் ஆனவன், அவன் பெயர் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஏறினதில்லை. ஐடி ஜெயக்கொடியுடையது. அவன் பெண்டாட்டி. பகல் பன்னிரண்டு மணி நேரம் இதே நாற்காலியில் உட்கார்ந்து இதே எட்டு சேம்பருக்கும் ரீடிங் போடுகிறவள், கம்பெனி ஆள், டைப்ரைட்டிங் லோயர் பாஸ். சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் எழுந்து போவாள், அவன் வந்து உட்கார்ந்து அவள் பெயரிலேயே உள்ளே போய் அவள் பெயரிலேயே விடியும்வரை ரீடிங் போடுவான். ஆகவே ரெக்கார்டுப்படி பார்த்தால் ஜெயக்கொடி என்கிற ஒருத்தி ஒன்பது வருஷமாகத் தூங்கவில்லை. ஒருமுறை சென்னையிலிருந்து ஆடிட் பார்க்க வந்தவர் அதைக் கண்டுபிடித்துவிட்டு, "யாருங்க இந்தம்மா, ராத்திரி மூணு மணிக்கும் இருக்காங்க, பகல் மூணு மணிக்கும் இருக்காங்க?" என்று கேட்க, அழகர்சாமி சார் சிரிக்காமல், "ரொம்பப் பொறுப்பான பொண்ணு சார்" என்றாராம். அன்றைக்குச் சிரிப்பாக இருந்தது. இப்போது சிரிப்பாக இல்லை. ஐடி பூட்டிக்கொண்டால் தானாகவே தலைமை ஆபீசுக்குக் கடிதம் போகும், எத்தனை மணிக்குப் பூட்டியது, அந்த நேரத்தில் இந்த அம்மா எங்கே இருந்தாள் என்று தோண்டுவார்கள். அங்கே சமாளிக்க அழகர்சாமி சார் கிடையாது. தன் ஐடியை அடுத்தவனுக்குக் கொடுத்தால் வேலை போகும் என்று அவள் சேர்ந்த அன்றே கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அடுத்தவன். இருபத்து நாலு வருஷமாகக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறவன் எப்படி அடுத்தவன் ஆவான், ஆனால் தாள் அப்படித்தான் பார்க்கும், தாளுக்குத் தாலி தெரியாது. அவளுக்கு இந்த வேலை சம்பளம் மட்டுமில்லை. ஜெயக்கொடி மேடம் என்று லாரிக்காரன் கூப்பிடுகிற ஒரே இடம் இது. மூன்று முறை மீதம். அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான், தெரியாமல் எதையாவது தொட்டுவிடுமோ என்று.

கேட்டில் அவள் என்ன சொன்னாள். அங்கேதான் ஏதோ இருக்கிறது. தினம் இரண்டு தடவை, காலை ஆறு, மாலை ஆறு, சாத்தூரிலிருந்து வருகிற கம்பெனி பஸ் கேட்டில் நிற்கும், அவன் இறங்குவான் அவள் ஏறுவாள், அல்லது அவள் இறங்குவாள் அவன் ஏறுவான். பஸ் இரண்டு நிமிஷத்துக்கு மேல் நிற்காது. அந்த இரண்டு நிமிஷந்தான் அவர்கள் குடும்பம் நடத்துகிற நேரம். வாரலீவும் அவனுக்கு ஞாயிறு, அவளுக்கு வியாழன். இன்றைக்கு அவள் படியில் ஒரு கால் வைத்துத் திரும்பி ஏதோ சொன்னாள், டிரைவர் ஆரனை அழுத்திக்கொண்டே இருந்தான், பாதி காற்றில் போனது, மீதி, "எல்லாத்தையும் ரிமார்க்ஸ்ல போட்டிருக்கேன், பாத்துக்கோங்க" என்று விழுந்தது. அவனும் வழக்கம்போல் சரி சரி என்று தலையாட்டினான். காற்றில் போன பாதியை இப்போது பிடித்து இழுத்துப் பார்த்தான், மாத்த, மாத்தச் சொல்லுச்சு, அது மாத்தச் சொல்லுச்சு, மாத்திட்டேன். அடப்பாவி மகளே. பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறாள். பழசு செல்லாது, புதுசு வை என்று அந்தச் சாப்ட்வேர் கேட்டிருக்கும், அவளும் வைத்திருப்பாள், வைத்ததை மறக்காமல் அவனுக்கு எழுதியும் வைத்திருக்கிறாள், எங்கே, ரிமார்க்ஸில், உள்ளே போனால் மட்டும் படிக்க முடிகிற ரிமார்க்ஸில். அவள் மேல் கோபம் வரவேண்டும், வரவில்லை. வேறு எங்கே எழுதுவாள். அவர்களுக்குள் எழுதிக்கொள்ள வேறு இடம் இருந்ததே இல்லை. ஒவ்வொரு சேம்பருக்கும் எதிரே குறிப்பு எழுத ஒரு கட்டம் இருக்கும், கம்பெனியில் எவனும் அதைப் படித்ததில்லை, அவர்கள் இரண்டு பேரும் மட்டும் ஒன்பது வருஷமாகப் படித்தார்கள். சேம்பர் நாலு கதவு ரப்பர் தொங்குது, மீன் கொழம்பு மேல் அடுக்குல. சேம்பர் ஏழு ரெண்டு டிகிரி ஏறியிருக்கு, காளிக்குக் காய்ச்சல் விட்ருச்சு. மகள் காளி பெரியவளான சேதி, பிளஸ் டூ மார்க்கு, நர்சிங் காலேஜில் இடம் கிடைத்தது எல்லாம் புளி மூட்டைகளுக்கு எதிரே உள்ள கட்டத்தில்தான் அவனுக்குத் தெரியவந்தது. ஒரு தடவை, தன் அண்ணன் வீட்டு விசேஷத்தில் அவன் நாலு பேருக்கு முன்னால் அவளை ஏதோ சொல்லிவிட்டான், பதினோரு நாள் கட்டமெல்லாம் காலியாகக் கிடந்தது, வெறும் டிகிரி, டிகிரி, டிகிரி. பன்னிரண்டாம் நாள் அவன்தான் எழுதினான், சேம்பர் ரெண்டுல பல்பு போயிருச்சு, தப்பு எம்மேலதான் என்று. காலையில் அவள் எழுதியிருந்தாள், எந்தத் தப்பு, பல்பா என்று. அந்த ஒரு வரியைப் படிக்க அன்று ராத்திரி மூன்று தடவை உள்ளே போய்வந்தான்.

போன் இருக்கிறதே என்று அப்புறந்தான் தோன்றியது, போட்டான், மணி போனது, எடுக்கவில்லை, எடுக்கமாட்டாள். அவள் போன் சாப்பாட்டுப் பைக்குள், டிபன் கேரியருக்கு அடியில், துண்டு சுற்றிக் கிடக்கும். அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். அந்தத் தூக்கத்தை அவன் ஒருமுறை பார்த்திருக்கிறான். பல்வலிக்கு லீவு சொல்லிவிட்டு வந்த பஸ்ஸிலேயே திரும்பின ஒரு சாயங்காலம் அவளுக்கு இரண்டு சீட் பின்னால் உட்கார்ந்திருந்தான். பஸ் கிளம்பி நாலுவழிச்சாலை ஏறுவதற்குள் அவள் தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஸ்பீட் பிரேக்கரில் நெற்றி கம்பியில் இடிக்கும், விழிக்கமாட்டாள், வழியில் ஏறுகிற தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் சிரித்துக் கும்மாளம் போடுவார்கள், விழிக்கமாட்டாள், சாத்தூர் முக்கு திரும்பினதும் யாரும் எழுப்பாமல் தானாக எழுந்து கொண்டையைச் சரிசெய்துகொண்டு இறங்கிப்போனாள், எதுவுமே நடக்காத மாதிரி. வீட்டில் அவள் அப்படித் தூங்கி அவன் பார்த்ததில்லை. வீட்டுத் தூக்கத்தில் ஒரு காது எப்போதும் திறந்திருக்கும், பாலுக்கு, தண்ணிக்கு, காளியின் போனுக்கு. அந்த ஐம்பது நிமிஷம் மட்டும் அவள் யாருக்கும் எதுவும் இல்லை. மறுபடி போடக் கை போனது, போடாமல் வைத்துவிட்டான். லோடுமேன் குருவையா தண்ணி குடிக்க வந்தவன் வாசலில் சாய்ந்துகொண்டு, "என்ன அண்ணாச்சி, படம் ஓடுதா, ஒரேயடியாப் பாக்கிய?" என்றான். சோலையப்பன் நடந்ததைச் சொன்னான். குருவையா சிரித்த சிரிப்பில் தண்ணி புரையேறிவிட்டது.

"சாவிய வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டு, சாவி உள்ளதான இருக்கு எடுத்துக்கோன்னு சொன்ன கதையால்ல இருக்கு! டிரைவர் நம்பரு எங்கிட்ட இருக்கு. போடவா? மதினிய எழுப்பிவிடச் சொல்றேன்."

"வேணாம்டா."

"என்னது வேணாம்? பூட்டிக்கிட்டா மதினி பாடு என்னாகும்?"

"தூங்கட்டும்டா. ஏழுக்குள்ள வீட்டுக்குப் போயிருவா. போனப் பாத்தா கூப்புடுவா."

"பாக்கலைன்னா? போனதும் அடுப்படிக்குத்தான போவாக?" குருவையா அவனை ஒரு மாதிரி பார்த்தான். "நல்ல புருசன்யா நீரு. பொண்டாட்டி வேல போனாலும் பரவால்ல, தூக்கம் போகக்கூடாதாக்கும். அட, நீரே யோசிச்சு அடியும். எம் வீட்டுக்காரி எதுக்கெடுத்தாலும் இருக்கன்குடி மாரியம்மாதான். பொம்பளையளுக்கு என்ன, ஒண்ணு சாமி, இல்ல புள்ள."

அவன் போய்விட்டான், அவன் சொன்னது போகவில்லை. ஒன்று சாமி, இல்லை பிள்ளை. அப்படித்தான் இருக்கும். திரையில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டினான், எழுத்து, எண், ஒரு குறி, மூன்றும் வேண்டும் என்றிருந்தது. காளீஸ்வரி என்று எழுதி, அவள் பிறந்த வருஷத்தைப் போட்டு, ஒரு புள்ளி வைத்தான். புள்ளியை வைத்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவும் டெட்டால் வாசனையும் நர்ஸ் துணியை விலக்கிக் காட்டின முகமும் வந்துபோயின, ஜெயக்கொடி அரை மயக்கத்தில், என்ன புள்ள என்று கேட்காமல், சாப்பிட்டீங்களா என்று அவனைக் கேட்டதும் வந்தது. தவறு, இரண்டு முறை. சரி, சாமி. இருக்கன்குடி, ஒன்று, புள்ளி. தட்டும்போதே தெரிந்தது இது அவள் இல்லை என்று, அவள் கோயிலுக்குப் போவதே வெளியே விற்கிற கொய்யாப்பழத்துக்குத்தான் என்று அவளே சொல்லுவாள், இருந்தும் விரல் போய்விட்டது. தவறு, ஒரு முறை. மணி ஆறு நாற்பத்தொன்று. ஒரு முறை. இனி ஊகிக்கக் கூடாது. ஆனால் மனசு ஊகிப்பதை நிறுத்த மறுத்தது, நாய் எலும்பை விடாத மாதிரி. அவளுக்கு எது இஷ்டம். கொய்யாப்பழமா. நல்லெண்ணெய் வாசனையா. எது இஷ்டம் அவளுக்கு. இருபத்து நாலு வருஷத்தில் அவளுக்கு எது ஆகாது என்று பட்டியலே போடுவான், கத்திரிக்காய் ஆகாது, சத்தமாகப் பேசினால் ஆகாது, ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால் ஆகாது. எது இஷ்டம் என்று கேட்டால் கை காலியாக நிற்கிறான். அவள் பெயரைப் போட்டு இத்தனை ஆயிரம் தடவை உள்ளே போனவன், அவளுக்குள் ஒரு கதவுகூடத் தெரியாமல் வெளியே உட்கார்ந்திருக்கிறான். அவள் தம்பி, லாரியில் போனவன் திரும்பாத தம்பி, அவன் பெயராக இருக்குமோ, அந்தப் பெயரை அவள் சொல்லியே பத்து வருஷம் ஆகிறது, சொல்லாததைத்தானே பூட்டி வைப்பார்கள். இல்லை, கல்யாணத்துக்கு முன்னால் ஏதாவது ஒரு பெயர், ஒரு தெரு, டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போன வழியில் ஏதாவது ஒரு மரம், அவன் இல்லாத ஏதாவது ஒன்று. இருந்தால் இருக்கட்டும், அதில் என்ன, ஒரு மனுஷிக்கு ஒரு மூலை இருக்கக் கூடாதா என்று தாராளமாக நினைத்துப் பார்த்தான், நினைத்த இடம் சுட்டது.

அதுவரை தொடாமல் சுற்றிச் சுற்றி வந்த ஒன்று அங்கேதான் இருந்தது, அவன் பெயர். சோலையப்பன். அவள் அவன் பெயரைச் சொன்னதில்லை, ஏங்க, இந்தாங்க, காளி அப்பா, அவ்வளவுதான். வாயால் சொல்லாததை விரலால் போட்டிருக்கலாம் அல்லவா. டைப்ரைட்டிங் லோயர் பாஸ் ஆனவளுக்கு விரல்தானே வாய். அப்படி நினைத்ததும் காது மடல் சூடாகிவிட்டது, நாற்பத்தொன்பது வயசில், ஆளில்லாத மெஷின் ரூமில். எஸ் அடித்தான், ஓ அடித்தான், எல் அடித்தான், திரையில் மூன்று கரும்புள்ளி நின்றது, நிறுத்தினான். சரியாக இருந்தால் நல்லது. தவறு என்று வந்தால், வேலை போகிறது ஒரு பக்கம், அவள் முகத்தில் எப்படி விழிப்பது அது ஒரு பக்கம், அதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம், அந்தச் சிவப்பு எழுத்து அவனைப் பார்த்து நீ இல்லை என்று சொல்வதை எப்படித் தாங்குவது. கேட்காத கேள்விக்கு மெஷின் பதில் சொல்லிவிடும். ஒவ்வொரு கரும்புள்ளியாக அழித்தான், சத்தம் வராமல், யாரோ பக்கத்தில் தூங்குகிற மாதிரி. ஆறு ஐம்பத்து மூன்று. அவள் இறங்கியிருப்பாள். தெருக்குழாயைத் தாண்டியிருப்பாள். பையை அடுப்படி மேடையில் வைத்திருப்பாள், கேரியரை எடுக்கணும், எடுத்தால் துண்டு, துண்டைப் பிரித்தால் போன். எடுடீ, என்று சத்தமாகவே சொன்னான். ஐம்பத்து நாலு. ஐம்பத்தைந்துக்குப் போன் அடித்தது.

"என்னங்க, கூப்ட்டிருந்தீங்க. என்ன, மேலுக்கு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேன். பாஸ்வேர்டு என்ன?"

"அதான் ரிமார்க்ஸ்ல போட்டிருக்கேன்னு கேட்டுலயே சொன்னேன்ல?"

"ரிமார்க்ஸு எங்க இருக்கு?"

"உள்ளதான்..." என்றவள் நின்றாள். அப்புறம் அவள் சிரிப்பு கிளம்பியது, முதலில் மூக்கால், பிறகு அடக்கமாட்டாமல், பாத்திரம் ஏதோ உருண்டு விழுகிற சத்தத்தோடு. "ஐயோ, நாசமாப் போச்சு! பாஸ்வேர்ட உள்ள வச்சுப் பூட்டிட்டேன்."

"சிரிக்காத. நாலு தடவ தப்பாப் போட்டுட்டேன். ஒண்ணுதான் மிச்சம்."

சிரிப்பு பட்டென்று நின்றது. "நாலு தடவயா? அப்படி என்னத்தப் போட்டீங்க?"

"அத விடு. சொல்லு."

"மெதுவா அடிங்க. நான் சொல்லச் சொல்ல. பி. பக்கத்துல ஓ. பக்கத்துல ஐ. பக்கத்துல யூ. அடிச்சாச்சா? இப்ப சின்னக் கோடு. அதுக்கு இந்தப் பக்கம் பூஜ்யம், ஒம்பது, எட்டு, ஏழு. அம்புட்டுதான்."

ஒவ்வொன்றாக வைத்தான். கடைசியில் ஏழை வைத்தான். என்டர் போட்டிருக்கிற பெரிய கட்டையை அமுக்கினான். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, இத்தனை நேரம் தவறு என்பதற்கு அது இப்படிச் சுற்றவில்லையே என்று நினைக்கும்போது திறந்தது. நல்வரவு, ஜெயக்கொடி.

"உள்ள போயிட்டேன்" என்றான். "இது என்ன பேரு, பி, ஓ, ஐ, யூ?"

"பேருமில்ல, ஊருமில்ல. ஒங்க கை போற வழி. நீங்க ஒரு கையில ரீடிங் சீட்டப் புடிச்சுக்கிட்டு ஒத்த வெரல்லதான தட்டுவீங்க? அது என்னடான்னா குறி வேணும், எண் வேணும்ங்குது. பெரும்பாலும் எல்லாக் குறிக்கும் ஷிஃப்ட் அமுக்கணும், ரெண்டு கை வேணும். சீட்டக் கீழ வச்சா எந்த சேம்பருன்னு மறந்துருவீங்க, அப்பறம் மறுபடி ஒரு நடை போய்ப் பாத்துட்டு வருவீங்க அந்தக் குளிர்ல. அதான் ஷிஃப்ட் இல்லாம, எல்லாம் ஒரே மூலையில பக்கத்துப் பக்கத்துல வர்ற மாதிரி தேடிப் போட்டேன். பதினோரு தடவ வேணாம்னுச்சு. சாப்பாட்டு நேரமே போச்சு."

சாமி இல்லை, பிள்ளை இல்லை, தம்பி இல்லை, அவன் பெயரும் இல்லை. அவனுடைய ஒற்றை விரல். மத்தியானம் பூரா இந்த நாற்காலியில் உட்கார்ந்து, அவள் பத்து விரலையும் மடக்கி வைத்துக்கொண்டு, அவனுடைய ஒரு விரலால் தட்டிப் பார்த்திருக்கிறாள். திரையில் சேம்பர் ஒன்றுக்கு எதிரே கட்டத்தில் அவள் எழுதியிருந்ததும் கண்ணில் பட்டது, பாஸ்வேர்டு இதுதான், யாருகிட்டயும் சொல்லீராதீங்க என்று.

"என்ன, லைன்ல இருக்கீங்களா?"

"ஜெயா, ஒனக்கு என்ன புடிக்கும்?"

"என்னது?"

"இல்ல, ஒனக்கு எது இஷ்டம்னு கேட்டேன். பொதுவா."

"என்ன ஆச்சு ஒங்களுக்கு? அம்மோனியா கிம்மோனியா லீக்காகுதா அங்க?"

"லீக்கெல்லாம் இல்ல. சொல்லு."

கொஞ்ச நேரம் குழாயில் தண்ணி விழுகிற சத்தம் கேட்டது. அவள் அதை மூடினாள். "இதப் போயி போன்ல கேட்டா நான் என்னத்தச் சொல்ல" என்றாள், குரல் வேறு மாதிரி இருந்தது. "மணி ஏழாகப் போகுது. மொதல்ல ரீடிங்கப் போடுங்க." வைத்துவிட்டாள்.

போட்டான். குறித்து வைத்திருந்த சீட்டைப் பார்த்து ஒன்று, இரண்டு, மூன்று, எட்டு சேம்பரையும் போட்டு முடித்தபோது ஏழுக்கு இன்னும் ஒரு நிமிஷம் இருந்தது. எட்டும் பச்சையாக எரிந்தன. முதலாளி நிம்மதியாக டீ குடிக்கலாம். ஜெயக்கொடி மேடம் நாளைக் காலையிலும் ஜெயக்கொடி மேடம்தான். நாற்காலியில் சாய்ந்து, கண் எரிச்சலைத் துடைத்துக்கொண்டு, பழைய ரிமார்க்ஸ் எல்லாம் புதுசில் வந்திருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாமென்று கையை நீட்டினான். திரை வெளுத்தது. உள்ளே இருந்தவனை அப்படியே தூக்கி வெளியே போட்டுவிட்டு, மறுபடி பெயரும் பாஸ்வேர்டும் கேட்டு நின்றது. அப்புறம் அடியில் இருந்த வரியை எழுத்துக்கூட்டினான், இந்த ஐடி இப்போது வேறோர் இடத்தில், ஒரு கைபேசியில் திறக்கப்பட்டுள்ளது, ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே இருக்க முடியும். கைபேசியில். சாத்தூரில், அடுப்படியில், ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு. பாஸ்வேர்டு அவனுக்குத் தெரியும், விரலும் அந்த மூலையில்தான் இருந்தது, அடித்தால் அவளை வெளியே தள்ளிவிட்டு உள்ளே போய்விடலாம். அடுத்த ரீடிங்குக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது. சோலையப்பன் கையை எடுத்துக்கொண்டு, நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தான். அவள் எழுதி முடிக்கட்டும்.